இன்ஜினை அணைத்தால் பேட்டரி இறங்கிவிடும்

கொட்டாது அண்ணே. தண்ணீர் ஊற்றுகிற பேட்டரி இல்லை இது, சீல் வைத்தது. தலைகீழாகப் பிடித்தாலும் ஒரு சொட்டு வராது. கண்டக்டர் அப்படித்தான் கத்துவார். முன் சீட்டில் ஒருத்தர் டிராக்டர் சாமானை மடியில் வைத்திருக்கிறார், கிரீஸ் வழிகிறது, அது அவருக்குத் தெரியவில்லை. பின்னால் ஒரு ஆட்டுக்குட்டி வருகிறது, அதுவும் தெரியவில்லை. என் மடியில் இருக்கிற பைக் பேட்டரிதான் கண்ணில் படுகிறது. "அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்க தம்பி" என்று இதோடு இரண்டு தடவை சொல்லிவிட்டார். திருச்சி வரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறேன். நான் ஏன் இறங்கணும்? இறங்கக் கூடாது என்றுதான் எனக்குச் சொல்லியே அனுப்பியிருக்கிறார்கள்.

உங்கள் வேட்டியில் படாது, பயப்படாதீங்க. என் பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறேன்.

எனக்குப் பயமெல்லாம் கிடையாது. கோபம்தான். காலையில் இருந்து யாரையாவது அடிக்கணும் போல இருக்கிறது.

நீங்க பார்த்தீங்கதானே, பஸ் கிளம்பின பிறகு ஒருத்தர் ஓடி வந்து இதை ஜன்னல் வழியாக என் மடியில் திணித்தாரே? அவர்தான் எங்கப்பா. மருதை என்று பேர். எப்படி ஓடி வந்தார் பார்த்தீங்களா? ஐம்பது வயசு ஆள், கையில் பேட்டரி, செருப்பு இல்லை, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஓடி வந்தார். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. பின்னால் சொல்கிறேன்.

சொல்கிறேன் அண்ணே, நீங்களாகக் கேட்டதால் சொல்கிறேன். ஒன்று மட்டும். நீங்க எந்த ஊர், எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்காதீங்க. சொல்லச் சொல்ல உங்களுக்கே தெரிந்துவிடும்.

என் பேர் குணாளன். பதினொன்றாம் வகுப்போடு நின்றுவிட்டேன். கணக்கு வரவில்லை, போகவில்லை. அதற்கு ஒரு பெரிய கதை கிடையாது. எல்லாரும் கதை இருக்கும் என்று நினைத்துத் துருவித் துருவிக் கேட்பார்கள். கதையே இல்லை.

கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்க்கிறேன். குக்கரும் பார்ப்பேன். பர்னர் அடைப்பு, நாப் இறுக்கம், கேஸ்கட், கைப்பிடி, விசில். போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். யாரும் எனக்குக் கற்றுத் தரவில்லை, அதனால் யாருக்கும் நான் கும்பிடு போட வேண்டியதும் இல்லை. பழைய பைக் ஒன்று இருக்கிறது. அதில் பின்னால் ஒரு டூல்ஸ் பெட்டி, முன்னால் ஹேண்டில் பாரில் இரண்டு சின்ன ஸ்பீக்கர். கார் கதவில் இருக்குமே, அது. காயலான் கடையில் எடுத்து, மரப்பெட்டி அடித்து உள்ளே வைத்தேன். சத்தத்தைப் பெரிசாக்குகிற ஆம்ப் போர்டு உள்ளங்கை அளவுதான் இருக்கும். பென்டிரைவ் போடலாம், மைக்கும் சொருகலாம்.

இதற்குக் கரண்ட் எங்கே இருந்து என்று கேட்பீங்க. இதில் இருந்துதான், இந்தப் பேட்டரியில் இருந்து. முதலில் நான் ஹெட்லைட் ஒயரில் இருந்து எடுத்தேன். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் ஸ்பீக்கரும் கூடவே ஙொய் என்று அழுகிறது. நான் "கேஸ் அடுப்பு" என்பேன், அது "ஙொய்" என்னும். அப்புறம் பேட்டரியில் இருந்தே நேராக இரண்டு ஒயர் இழுத்தேன், நடுவில் ஒரு ஃப்யூஸ். சத்தம் சுத்தமாக வந்தது. மணி அடித்த மாதிரி.

ஆனால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது. பைக் பேட்டரி ரொம்பச் சின்னது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தால் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும், நாள் முழுக்கக் கத்தலாம். இன்ஜினை அணைத்துவிட்டுக் கத்தினால் பேட்டரி இறங்கிவிடும். இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இதைத்தான் நான் ஆரம்பத்தில் இருந்து ஒவ்வொருத்தனிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருத்தனுக்கும் மண்டையில் ஏறவில்லை.

என் குரலிலேயே ரெக்கார்டு போட்டிருந்தேன். "கேஸ் அடுப்பு ரிப்பேர், குக்கர் ரிப்பேர். அடுப்பு எரியலையாக்கா, மஞ்சளா எரியுதாக்கா, உங்க வீட்டு வாசல்லயே சரி பண்ணித் தரப்படும்." அந்த 'அக்கா' நான் சேர்த்ததுதான். அதைக் கேட்டே வெளியில் வருவார்கள். என் குரல் நன்றாக இருக்கும் அண்ணே, நானே சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் நன்றாக இருக்கும். சுற்றுப்பட்டு ஊர் எல்லாம் என் லைன். திங்கள் வடக்குமாத்தூர், செவ்வாய் கல்லாங்குத்து, இப்படிப் பிரித்து வைத்திருந்தேன். என்னைப் பார்த்து ஒருத்தன் எங்கே போனாய், ஏன் வந்தாய் என்று கேட்க முடியாது. அது எனக்குப் பிடித்திருந்தது.

இந்தக் கோடையில் லூர்து ஆயா செத்துப்போனது. அங்கேதான் ஆரம்பம்.

லூர்து ஆயா எங்கள் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கினது. எங்கள் தெருதான். எனக்கு ஒரு முட்டை கூடுதலாகவே வைக்கும், வைத்துவிட்டுத் திட்டும். "திங்கத்தான் வரியா, படிக்கவும் வரியா?" சுற்றுப்பட்டு ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் அது கையால்தான் சாப்பிட்டார்கள். அது செத்தது யாருக்கும் தெரியாமல் போய்விடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. நானாகத்தான் மைக்கைச் சொருகினேன். யாரும் சொல்லவில்லை. "நமக்கெல்லாம் சோறு போட்ட லூர்து ஆயா இன்று காலை காலமானார். வரக்கூடியவர்கள் வந்து ஒரு கைப்பிடி மண் போட்டுவிட்டுப் போங்கள்." இவ்வளவுதான் சொன்னேன். வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னேன். எவ்வளவு கூட்டம் தெரியுமா அண்ணே? எங்கள் தெருவுக்குள் அதுவரைக்கும் கால் வைக்காதவர்கள் எல்லாம் வந்தார்கள். "அந்தப் பயல் சொன்னதைக் கேட்டு அழுகை வந்துருச்சு" என்றார்கள். எனக்குப் பெருமைதான். ஏன் இருக்கக் கூடாது?

அன்றைக்கு ராத்திரிச் சோற்றில் உட்கார்ந்து எங்கப்பா சொன்னார்: "அந்த ஒயரைப் புடுங்கிப் போடு."

"ஏன்?"

"புடுங்கிப் போடுன்னா போடு."

"அடுப்பு ரிப்பேருக்கு எதை வெச்சுக் கத்துறது?"

"வாயை வெச்சுக் கத்து. இல்லாட்டி கத்தாமப் போ."

பேட்டரி கெட்டுப்போகும் என்று பயப்படுகிறார் என்று நினைத்தேன். எங்கப்பா அந்த மாதிரி ஆள். பல்பை இரண்டு தடவை போட்டு அணைத்தால்கூட திட்டுவார். நான் ஒயரைப் பிடுங்கவில்லை.

ஒரு வாரம் இருக்கும். பெரிய வீட்டு பிரபாகர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஊருக்குள்ளே அவர் வீடுதான் பெரிய வீடு, நெல் மண்டி வைத்திருக்கிறார். அவருடைய பெரியப்பா இறந்துபோயிருந்தார். "குணா, ஒன் குரலு கணீர்னு இருக்காமே. நம்ம பெரியப்பாவுக்கும் ஒரு சுத்து சொல்லிட்டு வந்துரு" என்றார். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார் அண்ணே. அதுவரைக்கும் நான் அவருக்கு 'டேய்'தான், இல்லாவிட்டால் 'மருதை பய'. நான் சரி என்றேன். குரல் நன்றாக இருக்கிறது, கூப்பிடுகிறார்கள், இதில் என்ன இருக்கிறது?

முதல் முக்கில் வண்டியை ஸ்லோவாக ஓட்டிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தேன். பிரபாகர் புல்லட்டில் பின்னாலேயே வந்தார். குறுக்கே நிறுத்தினார்.

"வண்டில உக்காந்துகிட்டேதான் சொல்லுவியா?"

"ஆமாண்ணே."

"எறங்கி நின்னு சொல்லு. இன்ஜினை அணை. செருப்பை வண்டிகிட்டயே விட்டுரு."

"இன்ஜினை அணைச்சா பேட்டரி எறங்கிரும்ணே."

"என்னடா எறங்கிரும்?"

"பேட்டரிண்ணே. இன்ஜின் ஓடினாத்தான் சார்ஜ் ஏறும்."

அவர் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். "பேட்டரி எறங்கினா ஏத்திக்கலாம். நீ எறங்குடா மொதல்ல."

நான் இறங்கி நின்றேன். செருப்பைக் கழற்றினேன். தார் ரோடு, வெயில். அங்கே இருந்து ஒவ்வொரு முக்காக, ஒவ்வொரு ஊரிலும், இன்ஜினை அணைத்து, இறங்கி, நின்று, சொல்லி, மறுபடியும் கிக்கர் அடித்து. பாதியிலேயே பேட்டரி இறங்கிவிட்டது. ஸ்பீக்கர் சளி பிடித்த மாதிரி கரகரத்தது. எனக்கு வந்த கோபம் எல்லாம் பேட்டரிக்காகத்தான். எத்தனை தடவை சொல்கிறேன், ஒரு ஆள் கேட்க வேண்டாமா? ஓடுகிற இன்ஜினால் செத்தவருக்கு என்ன குறைந்துவிடும்?

நீங்க ஏன் அப்படிப் பார்க்கிறீங்க? பேட்டரிதான் அண்ணே. வேற என்ன?

சரி. விடுங்க.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு தடவை செய்தால் எங்கள் ஊரில் அது முறை ஆகிவிடும். இரண்டாவது தடவை கூப்பிட மாட்டார்கள், "ஏன் இன்னும் வரலை?" என்று கேட்பார்கள். இந்தக் கோடையில் பார்த்து வரிசையாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஒவ்வொரு சாவுக்கும் எங்கள் வீட்டு வாசலில் யாராவது வந்து நிற்பார்கள். வாசலில் என்றால் வாசலில் இல்லை, வாய்க்கால் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்று கைதட்டுவார்கள்.

இதில் என் பிழைப்பு என்ன ஆனது கேளுங்க.

கல்லாங்குத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை வழக்கம் போல ரெக்கார்டைப் போட்டுக்கொண்டு போகிறேன். "கேஸ் அடுப்பு ரிப்பேர்" என்று வாயெடுப்பதற்குள், வண்டிச் சத்தத்தைக் கேட்டே ஒரு அக்கா வாசலுக்கு வந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "யாருப்பா? யாரு போனா?" என்கிறது. கண்ணில் தண்ணீர் தயாராக நிற்கிறது. "அடுப்பு ரிப்பேருதான்க்கா" என்றேன். "எடு வண்டிய" என்று விளக்குமாற்றை எடுத்துவிட்டது. அடுத்த தெருவில் ஒரு வீட்டில் பெரியவர் ஒருத்தர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். அவர் மகள் வெளியில் வந்து என்னைப் பார்த்ததும் செருப்பை விட்டு எறிந்தது. "இன்னும் உசுரு இருக்குடா, போடா." நான் பர்னர் அடைப்பு எடுக்க வந்தவன் அண்ணே. அதுவும் அதற்கு முந்தின மாசம் அந்த வீட்டு அடுப்பை நான்தான் சரி பண்ணிக் கொடுத்தேன். நீலமாக எரிகிறது என்று மோர் எல்லாம் கொடுத்தார்கள், டம்ளரில் இல்லை, பிளாஸ்டிக் கப்பில், சரி, கொடுத்தார்கள்.

பிள்ளைகள் 'சாவு வண்டி, சாவு வண்டி' என்று பின்னால் ஓடி வந்தார்கள். பெயிண்ட் மாற்றினேன். ஹாரன் மாற்றினேன். ரெக்கார்டில் பின்னால் ஒரு மியூசிக் சேர்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. என் குரல்தான் அவர்களுக்குச் சாவு. "அக்கா" என்று கூப்பிட்டால் கதவைச் சாத்துகிறார்கள். வேறு ஆளை வைத்துப் பேசச் சொல்லலாம்தான். நான் ஏன் சொல்லணும்? அது என் குரல்.

அதனால் போன மாசம் ஒருத்தருக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். பேட்டரி வீக் என்றேன். "அப்ப மாத்து" என்றார்கள். மாற்றினேன். அதுதான் இந்தப் பேட்டரி. புதுசு.

இன்றைக்குக் காலையில் பிரபாகருடைய அப்பா போய்விட்டார். பெரிய வீட்டுப் பெரியவர். விடிந்ததும் அவர் பங்காளி ஒருத்தர் வந்தார். இந்த முறை பாலத்தில் நிற்கவில்லை, தெருவுக்குள்ளேயே வந்துவிட்டார்.

நான் சொன்னேன், "டவுன்ல ஆட்டோக்காரங்க இருக்காங்க. பெரிய ஸ்பீக்கரே வெச்சிருக்காங்க. ரெக்கார்டு பண்ணிக் குடுத்தா சுத்திட்டே இருப்பாங்க."

"ஆட்டோவும் சொல்லியாச்சு" என்றார் அவர். கோபமே இல்லாமல் சொன்னார் அண்ணே. அதுதான் எனக்கு எரிச்சல். பிள்ளைக்குப் பாடம் சொல்கிற மாதிரி. "ஆட்டோ அது பாட்டுக்குச் சுத்தும். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல, ஒரு ஆளு போயி நின்னு சொல்லணும். உங்கப்பனுக்குக் காலு போனதுல இருந்து இந்த ஊருல அதுக்கு ஆளே இல்லாமப் போச்சு. நீ தலையெடுத்துதான் அது திரும்ப வந்துச்சு. நல்ல பையன்டா நீ."

அவர் என்னைப் பாராட்டினார். சத்தியமாகப் பாராட்டினார்.

அங்கேதான் நான் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று கேட்காதீங்க, செத்தவரைப் பற்றியும் ஒன்றிரண்டு வந்துவிட்டது. அவர் திரும்பிப் போனார். நாலு பேரோடு வருவார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எங்கம்மா என்னைப் பின்பக்கமாகத் தள்ளிவிட்டது. "திருச்சிக்கு அத்தை வீட்டுக்குப் போயிரு. காரியம் முடியட்டும், கூப்பிடறேன்." நான் போக மாட்டேன் என்றேன். எங்கம்மா என் காலில் விழப் போனது. என்ன செய்வது? கருவேலங்காட்டு வழியாகத் திருடன் மாதிரி ஓடி வந்து இந்த பஸ்ஸில் ஏறினேன்.

எங்கப்பா அப்போது அங்கேதான் இருந்தார். மூலையில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். பெற்ற பிள்ளையை ஓடு என்று ஒரு பொம்பிளை துரத்துகிறாள், ஒரு வார்த்தை பேச வேண்டாமா? அவர் எப்போதும் அப்படித்தான். அந்த மனுசனைப் பற்றி உங்களுக்குத் தெரியாது.

எங்கப்பாவுக்கு வலது கால் நொண்டி. ஊருக்குள் மட்டும்.

சிரிக்காதீங்க, உண்மையாகத்தான் சொல்கிறேன். எங்கள் தெருவில் நேராக நடப்பார். செங்கல் அறுக்கிற இடத்தில் தலையில் சுமை வைத்துக்கொண்டு ஏணியில் ஏறுவார். வாய்க்கால் பாலத்தைத் தாண்டி ஊருக்குள் கால் வைத்தார் என்றால் வலது காலை இழுக்க ஆரம்பித்துவிடுவார். திரும்பி பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்தால் கால் சரியாகிவிடும். நான் பிறந்ததில் இருந்து இதைப் பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தில் என்னை 'நொண்டி மருதை மவன்' என்பார்கள். "எங்கப்பா நொண்டி இல்லடா" என்று சொல்ல முடியாது. சொன்னால் எங்கம்மா வாயிலேயே போடும். ஒரு தடவை அவரிடமே கேட்டேன், "ஏம்ப்பா நடிக்கிற?" என்று. "காலு வலிக்குதுடா" என்றார். "அங்க மட்டும் வலிக்குமா?" "ஆமா. அங்க மட்டும்தான் வலிக்கும்."

சோம்பேறி என்று நினைத்தேன். தேர் இழுக்கக் கூப்பிடுவார்கள், பந்தல் போடக் கூப்பிடுவார்கள், அதில் இருந்து தப்பிக்க நடிக்கிறார் என்று நினைத்தேன். எனக்கு அவமானமாக இருக்கும் அண்ணே. முடியாது என்றால் முடியாது என்று சொல்ல வேண்டியதுதானே. ஒரு ஆம்பிளை வருசக் கணக்காகக் காலை இழுத்துக்கொண்டா திரிவது?

இப்போது பாருங்க, அந்த மனுசன் என்ன செய்தார் என்று. நான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். வண்டி வீட்டில் நிற்கிறது. அதில் இருந்து பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, ஊர்த் தெருவுக்கு நடுவிலேயே ஓடி வந்திருக்கிறார். பஸ் ஸ்டாப்புக்கு அதுதான் குறுக்கு வழி. பெரிய வீட்டு வாசல் வழியாக. சாவு வீட்டு வாசல், ஊரே உட்கார்ந்திருக்கும், பந்தல் போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த வழியாக. ஜன்னலில் இதைத் திணித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டே என்ன சொன்னார் தெரியுமா? "இது இல்லாட்டி ஸ்பீக்கரு பேசாது. வேற எவனையும் வெச்சுப் பேச முடியாது. நீ எங்கயும் எறங்காத."

அறிவு இருக்கிறதா அண்ணே அவருக்கு? பெரிய வீட்டில் மட்டும் நாலு வண்டி நிற்கிறது. எதில் இருந்து வேண்டுமானாலும் பேட்டரியைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். பன்னிரண்டு வோல்ட் எல்லாம் ஒன்றுதான். அவர்களுக்கு என் ஸ்பீக்கரா வேண்டும்? ஆட்டோவே வருகிறது. அவர்களுக்கு ஸ்பீக்கரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். இறங்கி நின்று சொல்ல ஒரு...

ஒரு ஆள்.

இருங்க. போன் அடிக்கிறது. அம்மா.

சொல்லும்மா. ம். பஸ்லதான் இருக்கேன். ம். யாரு பாத்தாங்க? என்னன்னு சொன்னாரு? ஏன் போனாரு? நீ ஏன் போக விட்டே? எப்ப? எந்தப் பக்கம்? சரி. சரி. அழாதே. வெச்சிரு.

ஒன்றும் இல்லை அண்ணே.

ஒன்றும் இல்லை. அவர் ஓடினதைப் பிரபாகர் பார்த்துவிட்டாராம். பந்தலில் உட்கார்ந்திருந்தாராம். திரும்பி வரும்போது எங்கப்பாவுக்கு ஞாபகம் வந்து பந்தல்கிட்ட காலை இழுத்திருக்கிறார். பிரபாகர் கூப்பிட்டு, "மருதை, காலு நல்லாத்தான இருக்கு" என்றாராம். திட்டவில்லை, அடிக்கவில்லை. அவ்வளவுதான் சொன்னாராம். எங்கப்பா வீட்டுக்கு வந்து, துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு சாவு சொல்லக் கிளம்பிவிட்டாராம். முதல் ஊர் வடக்குமாத்தூர். எப்போதும் அதுதான் முதல். நானும் அங்கே இருந்துதான் ஆரம்பிப்பேன். அவர் காலத்திலும் அங்கே இருந்துதான் போல.

நான் பிறந்த வருசம் அவருக்குக் கால் போயிருக்கிறது அண்ணே. இப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். எனக்குக் கணக்கு வராது என்று சொன்னேனே.

வருசக் கணக்காக இழுத்த காலை, இந்தப் பேட்டரிக்காக ஓடிக் கெடுத்துவிட்டார். இரண்டு நிமிசம். அவ்வளவு தூரம்தான் இருக்கும். நடந்து வந்திருக்கலாமே. நொண்டிக்கொண்டே வந்திருக்கலாமே. பஸ் போனால் போகிறது, பேட்டரி இல்லாவிட்டால்தான் என்ன? யார் கேட்டது இந்தப் பேட்டரியை? எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு...

ஒயரைப் புடுங்கிப் போடு என்றார். அன்றைக்கே சொன்னார். லூர்து ஆயாவைப் புதைத்த அன்றைக்கே சொன்னார்.

இது எந்த இடம் அண்ணே? கல்லாங்குத்துப் பிரிவு வந்துவிட்டதா? பஸ் மெயின் ரோட்டில் சுற்றிக்கொண்டு வருகிறது. இங்கே இறங்கி வயல் வரப்பில் ஓடினால் வடக்குமாத்தூருக்குக் கொஞ்ச தூரம்தான். சைக்கிள் வண்டிப்பாதையில் வரணும், மணல். அவர் இன்னும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார். முதல் முக்கில் ஒரு வேப்பமரம் இருக்கிறது, அங்கேதான் இறங்கி நிற்கணும். அவர் சைக்கிளை ஸ்டாண்டு போடுவதற்குள் போய்விடலாம். செருப்பு இல்லாமல் வேறு போயிருக்கிறார்.

போய் என்ன செய்வேன் என்று கேட்காதீங்க. எனக்குத் தெரியாது. சைக்கிளைப் பிடுங்கி அவரைப் பின்னால் உட்கார வைப்பேன். பேட்டரியை அவர் மடியில் கொடுப்பேன். வீட்டுக்குப் போய் இதை வண்டியில் மாட்டுவேன். இன்றைக்கு என் லைன் எதுவோ அந்த லைனுக்குப் போவேன், "அடுப்பு எரியலையாக்கா" என்று. கதவைச் சாத்தினால் சாத்தட்டும். இன்ஜினை அணைக்க மாட்டேன். யார் குறுக்கே நிறுத்தினாலும் அணைக்க மாட்டேன். இதெல்லாம் நடக்குமா என்று கேட்டால், அதுவும் தெரியாது.

கண்டக்டர் அண்ணே, நிறுத்துங்க. என்ன, திருச்சி வரைக்கும் டிக்கெட் இருக்கிறதா? இருக்கட்டும். நீங்கதானே பேட்டரியைத் தூக்கிக்கொண்டு இறங்கு, இறங்கு என்று உயிரை வாங்கினீங்க. விசில் அடிங்க.

அம்மா போனிலும் இறங்காதே என்றுதான் சொன்னது. அப்பா கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனாராம், அவனை எங்கயும் எறங்காதன்னு சொல்லு, திரும்பி வராதன்னு சொல்லு என்று.

காலைக் கொஞ்சம் மடக்குங்க அண்ணே. நான் இறங்கணும்.